நீரிலே மிதந்து வானிலே பறக்கும் மாதிரி விமானம்

நீரிலே மிதக்கும் பொருளுக்கு நீர் ஒரு கட்டளை இடுகின்றது. வானிலே பறக்கும் பொருளுக்குக் காற்று வேறொரு கட்டளை இடுகின்றது. படகுக்கு அகன்ற அடியும் உறுதியான உடலும் வேண்டும். விமானத்துக்கோ இலேசான உடலும் ஒடுங்கிய வடிவமும் வேண்டும். தாராவும் நீர்க்காகமும் இவ்விரு கட்டளைகளுக்கும் ஒருங்கே பணிந்து, குளத்திலிருந்து எழுந்து மீண்டும் குளத்திலேயே வந்து அமர்கின்றன. மனிதன் அவ்வித்தையைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. அதனைச் சிறிய அளவிலே, வீட்டு மேசையின் மேல், மரச் சட்டத்தையும் பசையையும் கொண்டு பயில விரும்புவோருக்கு வாய்த்ததே வானொலி அலையினால் இயக்கப்படும் மாதிரி நீர்விமானம்.

இதனை வெறும் விளையாட்டென்று கருதுவோர் உளர். பல மாதங்கள் மாலைதோறும் அமர்ந்து அமைத்த விமானம், நீரைவிட்டு எழுந்த சில விநாடிகளுக்குள் தலைகீழாக வீழ்ந்து நொறுங்குவதைக் கண்டோர் அவ்வாறு கூறமாட்டார். அவ்வீழ்ச்சிக்குக் காரணம் காற்றென்றும் விதியென்றும் சொல்லப்படுவதுண்டு. ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் அக்காரணம் வானிலே தோன்றியதன்று. மேசையின் மீதே இருந்தது. நிறை எங்கே நிற்கின்றது என்று பார்க்காமல் விட்டதே அது.

பெரிய விமானங்களின் வரலாறும் இதனையே கூறுகின்றது. 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் நாள், பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில், மார்த்தீக் என்னும் ஊருக்கு அருகிலுள்ள களப்பிலிருந்து ஆன்றி ஃபாபர் என்பவர் தமது நீர்விமானத்தை எழுப்பினார். தன் சொந்த எந்திரத்தின் வலிமையால் நீரைவிட்டு எழுந்த முதல் விமானம் அதுவே. அன்று அது பறந்த தூரம் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர். அடுத்த ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் சான்டியேகோவில் கிளென் கேர்ட்டிஸ் என்பவரும் மிதவை பூட்டிய விமானத்தில் எழுந்தார்.

கேர்ட்டிஸ் அத்துடன் நிற்கவில்லை. உடலே படகாக அமைந்த பறக்கும் படகொன்றை 1912ஆம் ஆண்டில் அவர் உருவாக்க முயன்றபோது எதிர்பாராத தடையொன்று குறுக்கிட்டது. எந்திரம் முழு வலிமையுடன் இயங்கியும் படகு நீரைவிட்டு எழ மறுத்தது. வழவழப்பான அடிப்பாகத்தை நீர் பற்றிக்கொண்டு பின்னோக்கி உறிஞ்சியதே அதற்குக் காரணம். அடிப்பாகத்தின் நடுவே படிக்கட்டைப் போன்ற ஒரு வெட்டு அமைக்கப்பட்டதும் அத்தடை நீங்கியது. படியருகே நீரின் பிடி அறுந்து காற்று உட்புகுந்தது, படகும் எழுந்தது. அன்று முதல் மிதவைகளின் அடியில் அப்படி நிலைத்த உறுப்பாயிற்று. இன்று மாணவனொருவன் அமைக்கும் சிறு மிதவையிலும் அது உண்டு.

நிறையைப் பற்றிய பாடத்துக்கு இலங்கையின் கொக்கல களப்பும் சான்று பகரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே பறக்கும் படகுகளின் தளம் இருந்தது. 1943ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துச் சுவான் ஆற்றிலிருந்து கற்றலீனா எனப்படும் பறக்கும் படகுகள் இடையில் எங்கும் இறங்காது கொக்கலவுக்கு வந்து சேர்ந்தன. 5,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பயணம் 27 மணி முதல் 33 மணி நேரம் வரை நீடித்தது. பயணிகள் ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயத்தைக் கண்டனர். எரிபொருளே பெருஞ்சுமையாக இருந்தமையால், மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. தபாற்பையும் நிறுத்தே ஏற்றப்பட்டது. பெரிய விமானமே இவ்வாறு கிராம் கணக்குப் பார்த்ததென்றால், இரண்டு கிலோகிராம் நிறையுள்ள மாதிரி விமானம் எவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மாதிரி விமானத்தைத் தொலைவிலிருந்து இயக்கும் முறையும் பழமையானதே. 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துக் கண்காட்சியொன்றில் நிக்கொலா தெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். இன்றைய மாதிரி விமானத்தில், கையிலுள்ள அனுப்பு கருவி கட்டளையை அலையாக அனுப்புகின்றது. விமானத்திலுள்ள வாங்கு கருவி அதனை ஏற்றுச் சேர்வோ எனப்படும் சிறு மோட்டோர்களுக்கு உணர்த்துகின்றது. அவை வாலிலுள்ள உயர்த்தியையும் சுக்கானையும், இறக்கையிலுள்ள மடல்களையும் அசைக்கின்றன. பற்றறி, மோட்டோர், வாங்கு கருவி, சேர்வோக்கள் ஆகிய யாவும் நிறையுடையன. அவற்றை எங்கே வைப்பது என்பதே அமைப்பவரின் முதற் சிந்தனையாக இருத்தல் வேண்டும்.

மிதவைகளின் பருமனை அறிய ஆர்க்கிமிடீசின் விதி போதும். மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை விலக்குகின்றது. இரண்டு கிலோகிராம் விமானம் 2,000 கன சென்ரிமீற்றர் நீரை விலக்கும். இரு மிதவைகளின் மொத்தக் கனவளவும் சரியாக அவ்வளவே இருப்பின், அவை விளிம்புவரை அமிழ்ந்துவிடும். சிற்றலையொன்றும் அவற்றை மூழ்கடிக்கும். ஆகவே அதனிலும் இருமடங்கு, அதாவது 4,000 கன சென்ரிமீற்றர் கனவளவு வைப்பது வழக்கம். அப்போது மிதவைகள் பாதியளவே அமிழும். மிதவையின் நீளம் விமான உடலின் நீளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கிலும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இரு மிதவைகளுக்கும் இடையிலுள்ள தூரம் இறக்கையின் முழு நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. அத்தூரம் குறுகினால் பக்கக் காற்று விமானத்தைக் கவிழ்த்துவிடும். மிதவையின் முனை சுழல்விசிறிக்கு முன்னே நீண்டிருத்தல் வேண்டும். இன்றேல் வேகம் எடுக்கும்போது மூக்கு நீரிலே குத்தும்.

மிதவையைப் பூட்டும் இடமே அடுத்த வினா. விமானத்தின் நிறை முழுவதும் ஓரிடத்தில் திரண்டிருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி புவியீர்ப்பு மையமாகும். மிதவையின் படி அம்மையத்துக்கு நேர் கீழே, அல்லது அதற்குச் சற்றே பின்னே அமைதல் வேண்டும். படி அதிகம் பின்னே சென்றால், நீரிலே ஓடும் விமானம் மூக்கைத் தூக்க இயலாது நீரை உழுதுகொண்டே செல்லும். அதிகம் முன்னே வந்தால், வால் தாழ்ந்து விமானம் தவளைபோலத் துள்ளும். மிதவையின் மேற்றளத்தோடு ஒப்பிடுகையில் இறக்கையின் முன்விளிம்பு 2 அல்லது 3 பாகை உயர்ந்திருப்பதும் நன்று. விமானம் படியின் மேல் வழுக்கி ஓடும்போது இறக்கை தானாகவே காற்றைத் தாங்கத் தொடங்கும்.

இனி, சமநிலை. தென்னோலை ஈர்க்கொன்றை விரலின் மேல் வைத்தால், அது நடுப்பகுதியில் நிற்பதில்லை. தடித்த அடிப்பக்கத்துக்கு அண்மையிலேயே நிற்கும். காவுதடியிலே சுமை தூக்குபவர், பாரமான பக்கம் தோளுக்கு அண்மையில் வருமாறு தடியை நகர்த்திக்கொள்கின்றார். விமானத்தின் சமநிலையும் இந்த நியாயமே. இறக்கையின் கீழ், இரு புறமும் ஒவ்வொரு விரலை வைத்து விமானத்தைத் தூக்கும்போது, அது மூக்கோ வாலோ தாழாது நிற்கும் இடமே புவியீர்ப்பு மையம். சாதாரண நேர் இறக்கையில், முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அது இருத்தல் வேண்டும். அகலம் 24 சென்ரிமீற்றர் எனின், அது 6 முதல் 8 சென்ரிமீற்றர் வரையிலான இடமாகும். மிதவைகள், பற்றறி, சுழல்விசிறி ஆகிய எல்லாம் பூட்டப்பட்ட பின்னரே இச்சோதனை செய்யப்படல் வேண்டும். அவ்வேளையில் பற்றறி தன் இடத்தில் இருக்கலாம். ஆனால் மோட்டோருக்குச் செல்லும் இணைப்பு கழற்றப்பட்டிருத்தல் அவசியம். எதிர்பாராது சுழலும் விசிறி விரலைத் துண்டிக்கவும் வல்லது.

கணக்கொன்றைப் பார்க்கலாம். இரண்டு கிலோகிராம் விமானமொன்றின் மையம் 7 சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். சோதனையில் 8 சென்ரிமீற்றரில் உள்ளது. வால் பாரம் ஒரு சென்ரிமீற்றர் மிகுதி. மூக்கு, மையத்துக்கு 30 சென்ரிமீற்றர் முன்னே இருப்பின், அங்கே ஏறத்தாழ 67 கிராம் ஈயம் வைத்தால் சமநிலை வரும். வால், மையத்துக்கு 60 சென்ரிமீற்றர் பின்னே இருப்பின், அங்கே 33 கிராம் குறைத்தாலும் அதே பயன் கிடைக்கும். ஈயம் சுமையைக் கூட்டுகின்றது. வாலை இலேசாக்குவது சுமையைக் குறைக்கின்றது. மூன்றாவது வழியும் உண்டு: 200 கிராம் பற்றறியைப் 10 சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தினால், ஒரு கிராமும் கூடாமல் குறை தீர்ந்துவிடும். ஆகையால் முதலில் பற்றறியை நகர்த்துக. பின்னர் வாலைத் தேய்த்து இலேசாக்குக. ஈயத்தைக் கடைசியாகவே நாடுக என்பது அனுபவசாலிகளின் முறை. வாலிலே பூசும் மிகையான பசையும் வர்ணமும் மூக்கிலே இருமடங்காகக் கடன் கேட்கும்.

மூக்குப் பாரம் சற்று மிகுந்த விமானம் மந்தமாகப் பறக்கும். எனினும் கட்டளைக்குப் பணியும். வால் பாரம் மிகுந்த விமானமோ எழுந்தவுடன் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, திருத்துவதற்கு நேரமும் தராமல் வீழும். ஐயம் எழுமிடத்து மூக்குப் பக்கம் சாய்ந்திருப்பதே பாதுகாப்பானது. பக்கச் சமநிலையும் பார்க்கப்படல் வேண்டும். விசிறித் தண்டிலும் வால் நுனியிலும் பிடித்து விமானத்தைத் தொங்கவிட்டால், பாரமான இறக்கை தாழும். மற்றைய இறக்கையின் நுனியில் சில கிராம் ஈயம் வைத்தால் அக்குறை தீரும்.

மிதவை பூட்டியதால் வேறொரு மாறுதலும் ஏற்படும். மையத்துக்கு முன்னே மிதவைகளின் பக்கப் பரப்புக் கூடுதலாக நிற்பதால், வால் தன் நேரிய திசையை எளிதில் இழக்கும். அதனை ஈடுசெய்ய, வாலின் அடியிலே சிறிய செட்டையொன்று சேர்ப்பதுண்டு. காற்றை எதிர்க்கும் மிதவைகள் கீழே இருப்பதால், மோட்டோரின் வேகத்தைத் திடீரெனக் கூட்டினால் மூக்குத் தாழவும் கூடும். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவதே முறை.

குளத்துக்குச் செல்லுமுன் தண்ணீர்த் தொட்டியிலே விமானத்தை மிதக்கவிடுதல் நன்று. இரு மிதவைகளும் சம அளவில் அமிழ்கின்றனவா, முனைகள் நீருக்கு மேலே நிற்கின்றனவா என்று பார்க்கலாம். சிறிது நேரங்கழித்து வெளியே எடுத்து அசைத்துப் பார்த்தல் இன்னும் முக்கியம். மிதவைக்குள்ளே நீரின் ஓசை கேட்டால் எங்கோ நுண்ணிய துளை உண்டு. உட்புகுந்த நீர் ஓரிடத்தில் நிற்பதன்று. விமானம் மேல்நோக்கி எழும்போது அது மிதவையின் பின்புறம் ஓடி, மேசையிலே செம்மையாகக் கண்ட சமநிலையை ஒரு நொடியில் குலைத்துவிடும். ஆதலால் ஒவ்வொரு பறப்பின் பின்பும் மிதவைகளைச் சோதித்து, நீர் இருப்பின் வடித்துத் துளையை அடைத்தல் வேண்டும்.

கரையை அடைந்தபின், விமானத்தைச் செலுத்துவதற்கு முன் அனுப்பு கருவியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். சுக்கான் இடம் என்றால் இடமும், வலம் என்றால் வலமும் திரும்புகின்றதா? விலகி நடந்து சென்றபோதும் கட்டளை சென்றடைகின்றதா? அலையின் தொடர்பு அறுந்தால் மோட்டோர் தானே நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளதா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே நீரிலே இறக்கலாம்.

காற்றை எதிர்கொண்டு ஓடத் தொடங்கும் விமானம் முதலில் மூக்கை உயர்த்தி நீரைப் பிளந்து செல்லும். வேகம் மிக, மிதவைகள் மேலெழுந்து படியின் மேல் வழுக்கும். தெறிக்கும் நீர் குறையும். அப்போது பொறுமை வேண்டும். அவசரப்பட்டு உயர்த்தியை இழுத்தால், போதிய வேகமின்றி எழுந்து வீழ்ந்துவிடும். காத்திருந்து மெல்ல இழுத்தால், நீரின் பிடி அறுந்து, விமானம் காற்றின் பொறுப்புக்கு மாறும்.

நடுக்குளத்திலே விமானம் நின்றுவிட்டாலோ கவிழ்ந்துவிட்டாலோ, அதனை மீட்க நீந்திச் செல்லுதல் ஆகாது. தோணியொன்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இல்லையெனின், காற்று அதனைக் கரை சேர்க்கும் வரை காத்திருத்தல் வேண்டும். உடைந்த மரச்சட்டத்தை மீண்டும் ஒட்டலாம்; உயிரை ஒட்ட இயலாது. குளிப்போரும் மீன்பிடிப்போரும் உள்ள இடத்திலே பறக்கவிடுதலும் தகாது.

இரண்டு விரல்களின் மேல் விமானத்தை வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனைக்குச் செலவில்லை. ஐந்து நிமிட நேரமே வேண்டும். ஆயினும் வர்ணம் பூசும் ஆவலிலும் பறக்கவிடும் வேகத்திலும் முதலில் கைவிடப்படுவது அதுவே. மேசையிலே தாழ்ந்த வாலை எத்தனை முறையும் திருத்திக்கொள்ளலாம். வானிலே தாழ்ந்த வாலுக்கு இரண்டாம் முறை என்பதில்லை. இவ்வேறுபாட்டை அறிந்த இளைஞன், விமானம் அமைப்பதோடு தன் கருமங்களை நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் அமைத்துக்கொள்கின்றான்.