காவல்நாயும் கட்டுச்சங்கிலியும்



கொள்ளிடக் கரைக் கொல்லைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் தேடுவோர்க்கு இராசபாளைய நாய் தக்கதே. விருதுநகர் மாவட்டத்து இராசபாளையத்தின் பெயரால் விளங்கும் இந் நாய், காட்டுப்பன்றி வேட்டைக்கும் மனைக்காவலுக்கும் வழிவழியாக வளர்க்கப்பட்டது. தோளுயரம் ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. ஒடுங்கிய வயிறும் ஒட்டிய குறுமயிரும் நம் வெயிலுக்கென்றே அமைந்தவை. 2005ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளுள் ஒன்று இதற்குரியது.

இதன் இயல்பு தனி. வளர்த்தவரிடம் உயிரையே வைக்கும். தடவிக்கொடுக்க நீளும் வேற்றுக் கையை விரும்பாது. ஊரார்க்கெல்லாம் வாலாட்டும் நாய் வேண்டுவோர் வேறு பார்த்துக்கொள்வது நன்று.

இவ்வியல்பைக் கெடுப்பது சங்கிலி. பகலும் இரவும் முளையில் கட்டினால் காவற்கூர்மை மிகும் என்று எண்ணுகின்றனர். மிகுவது அச்சமே. ஓடப் பிறந்த உயிரை மூன்று முழத்திற்குள் சுற்றவிட்டால், கள்வனையும் பால்காரரையும் பிரித்தறியாமல், எதிர்ப்பட்ட குழந்தையையும் கடிக்கும். பழியோ நாயின் தலையில்! காலையும் மாலையும் ஓடவிடுக. குட்டிப் பருவத்திலேயே ஆடுமாடு, குழந்தைகள், வந்துபோவோர் அனைவரிடமும் பழக்குக. அடித்துப் பழக்குதல் ஆகாது.

இன்னொன்று, இதுவே பெரிது. பால்வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் மெய்யான இராசபாளையம் என்று விலையேற்றுகின்றனர். அவ் வேட்கைக்குரிய விலையை நாயின் செவி கொடுக்கிறது. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவை. அவை அங்கு இல்லாத குட்டிக்கு, பிறந்த சில கிழமைகளுக்குள் கேட்கும் நுண்மயிர் அணுக்கள் அழிந்துவிடும். அதற்கு மருந்தில்லை. ஆகவே ஆறு கிழமை கடந்த குட்டியின் பின்னே, அது காணாதவாறு எட்டி நின்று, திறவுகோற் கொத்தை ஆட்டிப் பார்த்து வாங்குக. அருகில் கைதட்டினால் காற்றின் அசைவுக்கே அது திரும்பிவிடும். ஒரு செவி மட்டும் கேளாத குட்டி இத் தேர்விலும் தப்பும்.

செவிட்டு நாயை இனம்பெருக்க விடலாகாது. அதற்காக ஆற்றங்கரையில் விட்டெறியவும் வேண்டா. கைச்சைகைக்கு அது நன்றாகவே பழகும். வேலிக்குள் வளர்த்தால் போதும். வெண்மையை வேண்டாதோர் தேனிப் பக்கத்துக் கோம்பை நாயைக் கருதலாம். செம்பழுப்பு மேனியும் கருமுகமுமாய், காவலில் குறைவற்றது.

வெளிர்தோல் வெயிலிற் புண்படுமாதலின் நிழல் வேண்டும். நாள்தோறும் உண்ணி பார்த்தெடுக்க வேண்டும். வெறுஞ்சோறு போதாது, முட்டையும் இறைச்சியும் சேர்க்க. வெந்த எலும்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாந் திங்களில் அரசு கால்நடை மருந்தகத்தில் இட்டு, பின் ஆண்டுதோறும் இடுக. எந்த நாய் கடித்தாலும், வழலையிட்டு ஓடும் நீரில் 15 நிமையம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க.