புகைக்கும் ஒரு வேலை



2010 பிப்ரவரியில், பார்சிலோனாவில் ஃபார்முலா 1 கார்களின் சோதனை ஓட்டம். ரெட் புல் அணியின் புதிய காரைப் புகைப்படக்காரர்கள் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள். காரின் பின்பக்கத்தில், வழக்கமான உயரத்தில், புகைக்குழாயின் வாய் தெரிகிறது. அது குழாயே இல்லை. குழாய் மாதிரி அச்சடித்து ஒட்டிய ஸ்டிக்கர்! அசல் குழாய் கீழே, காரின் அடித்தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எரிந்து முடிந்த புகை வெளியேறும் ஓட்டையை இவ்வளவு மெனக்கெட்டு மறைப்பானேன்?

பந்தயக் கார் வளைவில் வேகம் குறையாமல் திரும்ப வேண்டுமானால் டயர் தரையை நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்காக எடையை ஏற்றினால் வேகம் போய்விடும். ஆகவே காற்றை வைத்தே காரைக் கீழே அமுக்குகிறார்கள். முன்னும் பின்னும் உள்ள இறக்கைகள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத பெரிய வேலை காரின் அடியில் நடக்கிறது. அடியில் புகுந்த காற்று, பின்னால் மேல்நோக்கி விரிந்துபோகும் டிஃப்யூசர் என்ற பகுதி வழியாக வெளியேறும். அந்த விரிவு, அடியில் ஓடும் காற்றை வேகமாக இழுக்கும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். கார் தரையோடு தரையாக உறிஞ்சப்படும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது பின் டயர். சுழலும் டயர் தரையைத் தொடும் இடத்தில் காற்று நசுங்கி, பக்கவாட்டில் பீறிட்டு அடிக்கும். அந்தக் கலங்கிய காற்று டிஃப்யூசருக்குள் புகுந்தால் உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். ரெட் புல்லின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியின் குழு 2010-ல் தொடங்கி 2011 காரில் செம்மைப்படுத்திய உத்தி இதுதான்: டயருக்கும் டிஃப்யூசருக்கும் இடையிலுள்ள சந்தில் புகையைப் பாய்ச்சுவது. பெரிய ஜவுளிக்கடை வாசலில், வெளி வெக்கை உள்ளே வராமலிருக்க மேலிருந்து காற்று வீசிக்கொண்டே இருக்குமே, ஏறக்குறைய அந்த வேலை. இங்கே வீசுவது 800 டிகிரிக்கும் மேல் சூடான வாயு. நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுழலும் வி8 எஞ்சின் எப்படியும் வெளியே தள்ளித்தான் ஆகவேண்டிய கழிவு. அதற்கு இன்னொரு வேலை கொடுத்ததுதான் இந்தக் கலையின் அழகு என்பேன்.

இந்த யோசனைக்கு முதல் உரிமை நியூவிக்கு இல்லை. 1983-ல் காரின் அடிப்பாகம் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்து, அதுவரை அடியிலிருந்து கிடைத்த பிடிப்பில் பெரும்பகுதி பறிபோனது. அப்போது ரெனால்ட் அணியின் ஜான்-க்ளோட் மிஜோ புகையை டிஃப்யூசருக்குள் திருப்பிவிட்டார். அந்த ஆண்டு அவர்களுடைய ஓட்டுநர் அலைன் ப்ராஸ்ட் இரண்டே புள்ளியில் பட்டத்தை இழந்தார். உத்தி பிழைத்தது, மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் கூடவே ஒரு தொல்லையும் வந்தது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகை குறையும். புகை குறைந்தால் பிடிப்பு குறையும். அவர் காலை எடுப்பதோ வளைவுக்குள் நுழையும்போது, பிடிப்பு மிகவும் தேவைப்படும் அதே கணத்தில். இப்படி ஏறி இறங்கும் பிடிப்பை நம்பி ஓட்டுவது யாருக்கும் சுகமில்லை. 1998-ல் ஃபெராரி குழாயை மேற்பக்கமாகக் கொண்டுபோனது. மற்ற அணிகளும் நாளடைவில் அதே வழிக்கு வந்தன.

ரெட் புல் குழாயை மீண்டும் கீழே இறக்கியதும் திரும்பி வந்த அந்தத் தொல்லைக்கு 2011-ல் மருந்து கணினியிலிருந்து வந்தது. ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் எஞ்சினின் காற்று வழி மூடாது. சில அணிகள் வெறும் காற்றைத் தள்ளின. சில அணிகள் பெட்ரோலையும் உள்ளே விட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, அது குழாய்க்குள்ளேயே எரியும்படி செய்தன. சக்கரத்துக்குச் சக்தி போகாது, புகை மட்டும் நிற்காமல் வரும். அந்த ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, நொய்டா அருகே புத் சர்க்யூட்டில் முதல் இந்திய கிராண்ட் ப்ரீ நடந்தது. நம் நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார். அன்று வளைவுகளில் கேட்ட கரகரத்த, செருமுகிற சத்தம் எஞ்சின் கோளாறு அல்ல. டிஃப்யூசருக்குப் புகை தயாராகிக்கொண்டிருந்த சத்தம். பந்தயத்தை வென்றவர் ரெட் புல்லின் செபாஸ்டியன் வெட்டல்.

இந்தக் கட்டத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வீணாகப் போவதைப் பயன்படுத்திய வரை அது கலை. புகைக்காகவே பெட்ரோலை எரிக்கத் தொடங்கியதும் அந்த நியாயம் போய்விட்டது.

ஓட்டுநரிடம் அது கேட்ட திறமை மட்டும் அசாதாரணமானது. வண்டி வழுக்கினால் காலை எடு என்பதுதான் உடம்பில் ஊறிய பாடம். இந்தக் காரிலோ பயத்தை அடக்கிக்கொண்டு மிதித்தால்தான் பிடிப்பு கூடும். வெட்டலுக்கு அது கைவந்தது. அதே காரை ஓட்டிய மார்க் வெப்பர் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் 15-ல் வெட்டல் முதல் வரிசையின் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார்.

எதிரணிகளில் துணிச்சலுக்குப் பரிசு கொடுப்பதென்றால் நான் ரெனால்டுக்குக் கொடுப்பேன். ஜேம்ஸ் ஆலிசன் தலைமையில், 2011-ல் குழாயைப் பின்னுக்கு விடாமல் முன்னுக்குக் கொண்டுபோய், காரின் பக்கவாட்டுப் பெட்டிகளின் முன்முனையிலிருந்து ஊதினார்கள். அடித்தட்டின் முழு நீளத்துக்கும் புகை ஓட வேண்டும் என்பது கணக்கு. முதல் இரண்டு பந்தயங்களிலும் மூன்றாமிடம் கிடைத்தது. மெதுவான வளைவுகள் நிறைந்த தடங்களில் மட்டும் கார் தடுமாறியது. ஹங்கேரியில் நிக் ஹைட்ஃபெல்டின் கார் தீப்பிடித்தது. அடுத்த ஆண்டு அந்த வழியில் யாரும் போகவில்லை.

2011 ஜூலையில் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில், காலை எடுத்த பிறகு ஊதுவதற்கு, விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு கடிவாளம் போட்டது. யாருக்கு எவ்வளவு சலுகை என்று வெள்ளிக்கிழமை முழுக்கத் தகராறு. ஃபெர்னாண்டோ அலோன்ஸோ ஜெயித்தார். ஃபெராரிக்கு அந்த ஆண்டில் கிடைத்த ஒரே வெற்றி அது. அப்போதும் தகுதிச்சுற்றில் முதலில் நின்றது ரெட் புல்தான் என்பதால், எல்லாமே புகையின் மாயம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த பந்தயத்திலேயே கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள்.

2012-ல் விதி கறாரானது. குழாயின் வாய் உயரே இருக்க வேண்டும், கடைசி 100 மில்லிமீட்டர் நேராக இருக்க வேண்டும், 10 முதல் 30 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கதை முடிந்தது என்றுதான் தோன்றியது. பொறியாளர்களோ ருமேனியரான ஹென்ரி கோண்டாவின் பெயரால் வழங்கும் விளைவைக் கையில் எடுத்தார்கள்: வளைந்த பரப்பின் ஓரமாகப் பாயும் வாயு அந்த வளைவை ஒட்டியே போகும். மெக்லாரன், சாபர் அணிகள் குழாய்க்குப் பின்னால் உடலைச் சரிவாக வளைத்தன. மேலிருந்து இறங்கும் காற்றும் சேர்ந்து அழுத்த, வானத்தைப் பார்த்து வெளியேறிய புகை சரிவில் இறங்கி, பழைய சந்துக்கே போய்ச் சேர்ந்தது. குழாய் காட்டும் திசை ஒன்று, புகை போகும் திசை வேறு. இந்தத் திருப்பத்துக்கு ஒரு சொட்டு பெட்ரோலும் கூடுதலாகத் தேவையில்லை. எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். ஸ்டிக்கர் ஒட்டி மறைத்ததைவிட எல்லோரும் பார்க்க வைத்த இந்தத் தீர்வு உயர்ந்தது.

2014-ல் டர்போ எஞ்சின் வந்தது. புகையின் சக்தியில் பெரும்பங்கை டர்போ விழுங்கிக்கொண்டது. குழாய் ஒன்றே ஒன்று, அதுவும் பின் அச்சுக்கும் பின்னால், நட்டநடுவில். 2013-ல் 13 பந்தயம் வென்ற வெட்டலுக்கு 2014-ல் ஒன்றுகூட இல்லை. எஞ்சினின் பலவீனத்துக்கும் அதில் பெரும் பங்குண்டு. புகையின் கதை அத்தோடு முடியவில்லை. 2018-ல் ரெனால்ட் அணி, விதி அனுமதித்த அளவுக்கு அந்த ஒற்றைக் குழாயை மேலே சாய்த்து, பின் இறக்கையின் அடிப்பக்கம் பார்த்து ஊதவிட்டது. மற்ற அணிகள் முறையிட்டுப் பார்த்தன, எஃப்.ஐ.ஏ. அனுமதித்துவிட்டது.