பிள்ளைத்தாய்ச்சியும் சுயமரியாதையும்

(ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் பேசியதன் சாரம்)



எனக்கு முன் பேசியவர்களில் சிலர், அடுத்த ஆண்டு இதே மாதம் மணமக்களைக் கையில் ஆண் குழந்தையோடு காண வேண்டும் என்று வாழ்த்தினார்கள். நான் அப்படி வாழ்த்தப் போவதில்லை. பிள்ளை எப்போது வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பது இவ்விருவரும், அதிலும் சுமக்கப் போகின்ற பெண், முடிவு செய்ய வேண்டிய காரியமே ஒழிய, விருந்துக்கு வந்த நமக்கு அதில் யாதொரு வேலையும் இல்லை. ஆனால் அப்படி ஒரு காலம் வந்தால் அந்தப் பெண் எப்படி நடத்தப்பட வேண்டும், அவள் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சிறிது பேசலாம் என்று நினைக்கின்றேன்.

நம் வீடுகளில் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு என்று ஒன்று செய்கின்றார்கள். மணையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாய்ப் போடுகின்றார்கள். ஒரு பெண் வயிறாரச் சாப்பிடுவதை நான் குறை சொல்ல வரவில்லை. கணவனை இழந்தவள் என்பதற்காகப் பெற்ற தாயையே அன்றைக்கு ஒதுக்கி நிறுத்தும் கொடுமையும் ஒருபுறமிருக்கட்டும். மறுநாள் என்ன நடக்கின்றது? மாமனார், கணவன், மைத்துனன் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின், சட்டியின் அடியில் மிஞ்சியதை அதே பெண் தின்கின்றாள். ஒரு நாள் மகாராணி; மற்ற நாளெல்லாம் வேலைக்காரி! அப்படியானால் அன்று செய்த மரியாதை அவளுக்கா, அல்லது அவள் வயிற்றில் இருக்கும் வாரிசுக்கா? யோசித்துப் பாருங்கள்.

வாரிசுக்குத்தான் என்பதற்கு வேறு அத்தாட்சியும் இருக்கின்றது. பிறந்தது பெண் என்றால் தாயைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கின்றார்கள். 1905-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற ஒரு பெண் விஞ்ஞானி, புழுவண்டுகளை ஆராய்ந்து, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது ஆணின் விந்தணு என்று கண்டு சொன்னார். மனிதரிலும் பெண்ணின் கருமுட்டையில் எக்ஸ் ஒன்றுதான் உண்டு. ஆணின் அணுவில் எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். ஆகவே மாமியார் திட்டித்தான் தீர வேண்டுமென்றால் தன் மகனை அல்லவா திட்ட வேண்டும்? அவனைத் திட்டுவதும் நியாயமல்ல. அவனும் வேண்டுமென்று செய்வதில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லுவதைத் தடுக்க 1994-இல் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று என்றால், நமது யோக்கியதையை என்னவென்று சொல்லுவது?

தாய்மையைத் தெய்வீகம் என்று புகழுகின்றோம். தெய்வத்துக்குப் படைத்த சோற்றை யார் தின்கின்றார்கள்? படைத்தவனே தின்கின்றான். பெண்ணைத் தெய்வம் என்றதன் பலனும் அதுவாகவே முடிந்தது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகள் 100-க்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இது தலைவிதியல்ல. வேண்டிய உணவும் இரும்புச்சத்தும் உடம்பில் சேராததே இதற்கு முக்கிய காரணம். குறைத்துச் சாப்பிட்டால் குழந்தை சிறுத்துச் சுகமாய்ப் பிறக்கும் என்று சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கின்றார்கள். அது சுத்தத் தவறு. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கே ஆபத்து அதிகம். கீரை, பயறு, முட்டை, மீன், பால் இவற்றில் கிடைப்பதை அவள் வயிறாரச் சாப்பிட வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாத காலம் தவறாமல் சாப்பிட வேண்டும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம். டீ, காப்பியோடு விழுங்கினால் சத்து சரியாக உடம்பில் சேராது. இரவில் எட்டு மணி நேரத் தூக்கமும் பகலில் இரண்டு மணி நேரப் படுக்கையும் அவளுக்கு வேண்டும். அதைச் சோம்பல் என்று சொல்லுகின்றவர், ஒரு படி அரிசியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாள் வீட்டு வேலை செய்து பார்க்கட்டும்.

அடுத்தது மூடநம்பிக்கை. கிரகணம் என்றால் கர்ப்பிணியை அறையில் அடைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைக்கின்றார்கள். சந்திரன் நடுவில் வந்தால் சூரியன் மறைகின்றது. பூமி நடுவில் வந்தால் சந்திரன் மறைகின்றது. இதில் கர்ப்பிணிக்கு என்ன சம்பந்தம்? குழந்தை உதடு பிளந்து பிறந்துவிட்டாலோ, "கிரகணத்தில் நீ காய் நறுக்கினாய்" என்று அவள் தலையில் பழியைச் சுமத்துகின்றார்கள். அவள் ஆயுள் முழுதும் தன்னையே நொந்துகொள்ளுகின்றாள். குழந்தை சிவப்பாய்ப் பிறக்கக் குங்குமப்பூ வாங்கிக் கொடுக்கின்றார்கள். நிறம் பெற்றோர் வழி வருவது, பூவால் வருவதல்ல. அன்றியும், கறுப்புக் கேவலம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவன் யார்?

உடம்பைப் போலவே மனமும் நோகும். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகள் 100-க்கு சுமார் 15 பேருக்கு மனநோய், முக்கியமாய் மனச்சோர்வு, உண்டாவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. காரணமில்லாமல் அழுவதும், தூக்கமின்றிக் கிடப்பதும், தான் எதற்கும் உதவாதவள் என்று எண்ணுவதும் கொழுப்புமல்ல, பேயுமல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டிய நோவு அது. அதேபோல் முகம் வீங்குதல், தாங்காத தலைவலி, கண் மங்குதல், உதிரம் போதல், குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் ஏதொன்று கண்டாலும் திருஷ்டி கழிக்காதீர்கள், கயிறு மந்திரிக்காதீர்கள். அந்த நாழிகையே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வந்திருக்கின்றது. 1961-இல் வந்த பேறுகாலச் சட்டத்தை 2017-இல் திருத்தி, முதல் இரண்டு பேறுகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் ஓய்வு என்று செய்தார்கள். ஆனால் களை எடுக்கும் கூலிப் பெண்ணுக்கு அது எட்டவில்லை. ஏழைத் தாய்மாருக்காக 1987-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நம் மாகாண சர்க்கார் ஏற்படுத்திய உதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். இது பிச்சையல்ல, உரிமை. கிராம நர்சிடம் பெயரைப் பதிந்து கேட்டு வாங்குங்கள்.

மணமகன் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் தண்ணீர்க் குடத்தை நீங்கள் எடுங்கள்; பரிசோதனைக்குக் கூடவே போங்கள்; அவர் சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டுப் பிறகு நீங்கள் கை நனையுங்கள். மணமகள் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எனக்குப் பசிக்கின்றது, எனக்குக் களைப்பாயிருக்கின்றது, எனக்குப் பயமாயிருக்கின்றது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தைக்காக என்று சாக்குச் சொல்ல வேண்டாம். எனக்காக என்றே சொல்லுங்கள். நீங்கள் வாரிசைச் சுமக்கும் பானையல்ல; நீங்கள் ஒரு மனுஷி. அந்த நினைப்புத்தான் பெண்ணின் சுயமரியாதை என்று சொல்லி, மணமக்கள் நல்ல தோழர்களாய் வாழ வேண்டுமென்று விரும்பி என் பேச்சை முடித்துக்கொள்ளுகின்றேன்.