காலம் தானாக மாற்றுவதில்லை

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



அந்தக் காலத்துப் பூசை எப்படி இருந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குருவானவர் பீடத்தைப் பார்த்தபடி இலத்தீனில் பூசை வைப்பார். நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பெண்கள் முக்காடு இல்லாமல் கோயிலுக்குள் வரமாட்டார்கள். இவையெல்லாம் மாறவே மாறாது என்று அன்றைக்கு நம்பினார்கள். 1953-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தண்ணீர் குடிக்கலாம் என்றார். 1964-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் உபவாசத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காலத்தில் பூசை தமிழுக்கு வந்தது. ஒரே தலைமுறைக்குள் எல்லாம் பழைய கதையாகிவிட்டது. இன்று நம் பிள்ளைகளிடம் சொன்னால், "அப்படியா இருந்தீங்க?" என்று சிரிக்கிறார்கள்.

ஆனால் ஒரு பழைய எண்ணம் மட்டும் போக மறுக்கிறது. கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் எண்ணம்தான் அது.

இதை மாற்றச் சொன்னது நேற்று இன்று அல்ல. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-ல், தாழ்த்தப்பட்ட மக்களில் யாராவது நோயாய்க் கிடந்தால் குருக்கள் அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய் அருளடையாளங்களைக் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அப்படிக் கட்டளையிட வேண்டியிருந்தது என்றால், அதுவரை என்ன நடந்தது என்று நாமே புரிந்துகொள்ளலாம்.

புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் அந்த நாளில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். 1745 அக்டோபரில் அந்த மக்கள் குருவானவரிடமே போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. மற்றவர்கள் கொதித்துப் போனார்கள். இதை எழுதி வைத்தவர் நம் குருக்களில் ஒருவர் அல்ல. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை.

ஒரு சுவர் இடிந்ததால் கதை முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள்ளும் பிரிக்கும் சுவர் இருந்தது. அது 1910-ல்தான் இடிந்தது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடினார்கள், தோற்றார்கள். 1965-ல் வத்திக்கான் சங்கம், மனிதரைப் பிரிக்கும் எல்லா வேற்றுமையும் கடவுளின் திட்டத்துக்கு எதிரானது என்று உலகம் முழுவதற்கும் அறிவித்தது. அதற்குப் பிறகும் 2008 மார்ச் 9 அன்று, அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஒரே செபமாலை அன்னையின் பிள்ளைகள் தெருவில் மோதிக்கொண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தனிப் பங்கு, கல்லறை, பிணம் போகிற பாதை, இவைதான் பிரச்சினை. இறந்தவர்கள் எந்தப் பக்கத்தவர் என்று நாம் கணக்குப் பார்க்க வேண்டாம். இரண்டு பேரும் திருமுழுக்குப் பெற்றவர்கள்.

உபவாசச் சட்டம் ஒரு தலைமுறைக்குள் மாறியது. இது மட்டும் ஏன் முந்நூறு ஆண்டுகளாக இழுக்கிறது? உபவாசம் குறைந்ததால் யாருடைய இடமும் போகவில்லை. சாதி போக வேண்டுமானால், முன்வரிசையில் இருக்கிறவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டும். அந்தக் கொஞ்சம் நகர்வதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"காலம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் சாமி, அவசரப்படாதீங்க" என்று பலர் சொல்வார்கள். 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தீட்டு என்று விலகி நின்றவர்களும் ரயில் பெட்டியில் தோளோடு தோள் உரச உட்காரத்தான் வேண்டியிருந்தது. இன்றும் விழுப்புரம் சந்திப்பில் ரயில் ஏறும்போதும், திண்டிவனத்தில் பஸ் பிடிக்கும்போதும், பக்கத்து சீட்டில் இருப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஊர் வந்து இறங்கியதும் அவரவர் தெருவுக்குப் போய்விடுகிறோம். ரயில் நம் பயணத்தை மாற்றியது. மனத்தை அது மாற்றவில்லை. மனத்தை மாற்றக் காலத்தால் முடியாது. மனம் திரும்புகிறவரால்தான் முடியும்.

புனித பேதுருவைப் பாருங்கள். கொர்னேலியுவின் வீட்டு வாசற்படியைத் தாண்டியபோது, கடவுள் ஆள் பார்த்துச் செயல்படுவதில்லை என்று அவர் கண்டுகொண்டார். திருத்தூதர் பணிகள் பத்தாம் அதிகாரம் இதைச் சொல்கிறது. அதே பேதுரு அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பேர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பேதுருவுக்கு உண்மை தெரியாமல் இல்லை. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் அவரைப் பின்வாங்க வைத்தது. நமக்கும் அந்தப் பயம்தான்.

குருக்களாகிய நாங்களும் இதில் குற்றமில்லாதவர்கள் அல்ல. குருமடத்தில் இறையியல் படித்தோம். கிறிஸ்துவின் உடல் ஒன்றே என்று தேர்வில் எழுதினோம். பங்குக்கு வந்ததும் முதலில் கேட்ட கேள்வி, "இங்கே வழக்கம் எப்படி?" என்பதுதான். திண்டிவனம் பக்கத்தில் ஓர் ஊர். அடக்கத் திருப்பலி முடிந்து தாழ்த்தப்பட்ட மக்களின் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுப் பாதையில் போனோம். பெரிய தெரு வழியாகப் போனால் பாதித் தூரம்தான். குழியை மந்திரித்துத் திரும்பும்போது இறந்தவரின் அண்ணன், "சாமி, ஞானஸ்நானத் தண்ணி ஒரே தொட்டியில எடுத்தோம். மண்ணு மட்டும் ஏன் சாமி வேற வேற?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்றோம். அந்தத் தலைகுனிவு இன்னும் தீரவில்லை.

அன்பிற்குரியவர்களே, ஒரு தவறான எண்ணம் பழையதாகிப் போவது அதற்கு வயதாவதால் அல்ல. அதனால் காயம்பட்டவர் எழுந்து கேட்க வேண்டும். அதனால் லாபம் அடைந்தவர் வெட்கப்பட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். 1745-ல் கேட்டவர்கள் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வருகிறது. பூவும் மெழுகுதிரியும் வாங்குவோம். நம் ஊரில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் இருந்தால், இந்த ஆண்டு இரண்டுக்கும் போவோம். கோயிலிலிருந்து ஒரே பவனியாக, பெரிய தெரு வழியாகவே போவோம். நம் தாத்தா பாட்டிக்கு ஏற்றும் மெழுகுதிரியோடு இன்னொன்றும் கொண்டுபோய், அந்தப் பக்கத்தில் பேர் தெரியாத ஒருவர் கல்லறையில் ஏற்றுவோம். குருக்களாகிய நாங்கள் முன்னால் நடக்கிறோம். முதல் ஆண்டு பத்துப் பேர்தான் வருவார்கள் என்றால், அந்தப் பத்துப் பேரோடு நடப்போம்.

நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்டு, "கல்லறையில கூடவா சாதி பார்த்தீங்க?" என்று சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைக் கேட்கும் வரத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.