இணையதளத்திற்குப் பெயரிடுதல்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பனியன் தொழில் புரியும் நம்மவர் பலர் இக்காலத்து இணையதளம் அமைக்கின்றனர். அதற்குரிய பெயரை, அதாவது 'டொமைன்' என வழங்குவதனை, ஆராயாமல் இட்டுவிடுகின்றனர். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள், பெயரென்பது எழுத்தாலாயதன்றோ?

நம் திருப்பூரையே ஆங்கிலத்தில் ஒரு 'பி' இட்டு எழுதுவாரும் உளர், இரண்டு இட்டு எழுதுவாரும் உளர். ழகரத்திற்கோ அம்மொழியில் எழுத்தே இல்லை. குலதெய்வத்தின் பெயரைச் சூட்டல் நம் வழக்கம், நன்றே. ஆயினும் தொலைபேசியில் அதனைக் கேட்கும் அயல்நாட்டு வணிகர் எவ்வாறு எழுதுவார்? செவியுற்ற அளவில் ஒரே விதமாய் எழுதத்தக்க பெயரே வேண்டும். ஐயமுள்ள பெயராயின் இரு வடிவத்தையும் பதிந்துகொள்க.

ஓரெழுத்துத்தானே என்று இகழற்க. 'சிஃபி' என அறியப்பட்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் 'சிஃபிநெட்' என்னும் பெயரில் ஓர் 'எஃப்' மட்டும் மிகுத்து மற்றொரு நிறுவனத்தார் பதிந்தனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்குரிய பாதுகாப்பு உண்டென 2004-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. ஆகவே பிறர் பெயரை ஒட்டி இடுதல் நமக்கே கேடாம்.

மற்றொன்று. என் மைத்துனர் ஒருவர், தளம் அமைத்துத் தந்தவரிடமே பதிவையும் விட்டுவிட்டார். அவர் தம் பெயரிலேயே பதிந்துகொண்டார்; பின்னர்ப் புதுப்பிக்கவும் மறந்தார். தளம் மறைந்தது மட்டுமோ? மின்னஞ்சலும் அப்பெயரிலேயே இயங்கியமையின், ஆர்டர்க் கடிதங்களும் வாராதொழிந்தன. பத்தாண்டு பழகிய பெயர் அது. மைத்துனர் இன்றும் வேறொரு பெயரைச் சொல்லிச் சொல்லி வாங்குவோர்க்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் வீடு சென்றதும், உங்கள் பெயர் எவர் பேரில் பதிவாகியுள்ளது, எந்நாளில் தவணை முடிகிறது என்று பாருங்கள்.