பள்ளி வளர்ச்சியில் பெற்றோர் பங்கு



பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்திலே பள்ளி வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆனால் அங்கே துரை வைத்ததே சட்டம். பெற்றோருக்குப் பேச இடமில்லை.

இன்று அப்படியல்ல. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலே பள்ளி மேலாளர் வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் இடமுண்டு. பேராக்கிலே ரப்பர் தோட்டங்கள் கைமாறி, ஜனங்கள் ஈப்போ பக்கம் குடிபெயர்ந்தார்கள். தோட்டம் விற்கப்பட்டால் பள்ளி நிலம் யாருக்கு? இதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் மாற்றலாகிப் போவோம். எங்கள் கடிதத்தைவிட நீங்கள் கூடிப் போடும் தீர்மானத்துக்குக் கனம் அதிகம்.

பரிசளிப்புக்கு வந்த கூட்டம் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் வரட்டும். கணக்குக் கேளுங்க. நிலப்பட்டா யார் பேரிலே இருக்குன்னு கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை!