சேர்ந்து வாழ்வதும் சேர்ந்து செயல்படுவதும்

(இளம் அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடியிருந்த அவையில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வெவ்வேறு பிரிவினர் ஒருவரோடு ஒருவர் பழகினால் அவர்களிடையே நிலவும் தப்பெண்ணங்கள் தாமாகவே மறைந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. சாலையும் பள்ளியும் தொழிற்சாலையும் வந்துவிட்டால் சாதி வேற்றுமை கரைந்துவிடும் என்று திட்டமிடுவோர் பலரும் எதிர்பார்த்ததுண்டு. இந்நம்பிக்கையில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்வது நமது கடமையாகும். ஏனெனில், நமது திட்டங்கள் பலவும் பல்வேறு பிரிவினரை ஒரே இடத்தில் கூட்டுகின்றன.

பழக்கம் மட்டுமே போதுமானால், நமது கிராமங்களில் தீண்டாமை என்றோ ஒழிந்திருக்க வேண்டும். நிலவுடைமையாளரும் கூலி உழைப்பாளரும் தலைமுறை தலைமுறையாக ஒரே வயலில் நின்றிருக்கின்றனர். ஒருவர் குடும்பத்தை மற்றவர் நன்கறிவர். ஆயினும், கிணறு வேறு, குவளை வேறு, சுடுகாடு வேறு என்ற நிலையே நீடித்தது. அங்கே தொடர்புக்குக் குறைவில்லை. ஆனால், ஒருவர் ஏவ மற்றவர் பணியும் தொடர்பாகவே அது இருந்தது. அத்தகைய தொடர்பு தப்பெண்ணத்தை நாள்தோறும் உறுதிப்படுத்தியே வந்துள்ளது.

நான்கு நிபந்தனைகள்

அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட், தப்பெண்ணத்தின் இயல்பு பற்றி 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். தொடர்பு பயன்தர நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்பது அவர் கருத்து. கூடுவோர் அச்சூழலிலாவது சம நிலையில் இருத்தல் வேண்டும். அவர்களுக்குப் பொதுவான குறிக்கோள் இருத்தல் வேண்டும். அதனை அடைய ஒருவரையொருவர் சார்ந்து உழைத்தல் வேண்டும். சட்டமோ வழக்கமோ அதிகாரமோ அத்தொடர்பை ஆதரித்தல் வேண்டும். இக்கருத்து நம் நாட்டுச் சூழலுக்குப் பொருந்துமா என்பதற்கு விடை தரும் ஆய்வுகள் இப்போது உள்ளன.

உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் பொருளியலறிஞர் மாட் லோவ் நடத்திய கிரிக்கெட் ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. பல சாதிகளைச் சேர்ந்த 1,261 ஆண்கள் இதில் இடம்பெற்றனர். சிலர் ஒரே அணியிலும், சிலர் எதிரெதிர் அணிகளிலும் குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டனர். எஞ்சியோர் ஆட்டத்தில் சேர்க்கப்படவில்லை. பிற சாதியினரோடு ஓர் அணியில் ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. தம் சாதியாருக்குச் சலுகை காட்டும் போக்குக் குறைந்தது. பிற சாதியினரை எதிரணியில் சந்தித்தோரிடம் பெரும்பாலும் இதற்கு மாறான விளைவே காணப்பட்டது. ஆடுகளமும் விளையாட்டும் ஒன்றே. தொடர்பின் தன்மையே வேறு.

டில்லியில் சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் பல, 2007 முதல் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. இதன் விளைவைக் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார். ஏழைத் தோழர்களுடன் பயின்ற வசதி மிக்க மாணவர்களிடம் ஈகைப் பண்பு கூடியிருந்தது. தொடர் ஓட்டப் பந்தயத்துக்குத் துணை ஓட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது, வேகமாக ஓடும் ஏழை மாணவரை ஒதுக்கும் போக்கு அவர்களிடம் குறைந்திருந்தது. சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவ்வாறு ஒரே குழுவில் நேரடியாகப் பழகியதே இம்மாற்றத்துக்கு முக்கிய காரணம் என்று அவர் கண்டார்.

ஊராட்சி தரும் பாடம்

ஆண்களும் பெண்களும் போல நெருங்கி வாழும் இரு பிரிவினர் வேறில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், பெண்ணால் நிர்வாகம் செய்ய இயலாது என்ற எண்ணம் மறையவில்லை. மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களை ஆராய்ந்த பொருளியலறிஞர் குழு ஒன்று, தன் முடிவுகளை 2009-இல் வெளியிட்டது. ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கேட்கச் செய்தனர். ஒதுக்கீடு நடைபெறாத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பே அளித்தனர். பெண் தலைவரைக் கண்ட ஊர்களில் இவ்வேறுபாடு மறைந்தது. எனினும், ஆண் தலைவரே வேண்டும் என்ற விருப்பம் மாறவில்லை. திறமை பற்றிய மதிப்பீடு முதலில் மாறுகிறது. உள்ளத்தின் விருப்பம் பின்தங்கி நிற்கிறது. ஒரு பதவிக்காலத்தில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது.

அலுவலரின் பொறுப்பு

இங்கேதான் நமது பணி தொடங்குகிறது. கட்டாயக் கல்விச் சட்டம், 2009, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்குகிறது. அதன் கீழ் 2010-இல் மத்திய அரசு வகுத்த விதிகள், இக்குழந்தைகளை வகுப்பறையில் பிரித்து அமர்த்தலாகாது, வேறு இடத்திலோ வேறு நேரத்திலோ பாடம் நடத்தலாகாது என்று தெளிவாகக் கூறுகின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் 25 சதவீதம் நிறைவேறியிருந்தும், பிற்பகலில் தனி வகுப்பு நடக்குமானால், புள்ளிவிவரம் உண்டு, பயன் இல்லை. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் பதிவேட்டோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்குள்ளும் சென்று பார்க்க வேண்டும். மதிய உணவின்போது யார் சமைக்கிறார், யார் அருகில் யார் அமர்கிறார் என்பதையும் நோக்க வேண்டும்.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். வசதி மிக்கவரின் மனமாற்றத்துக்கு ஏழைக் குழந்தையைக் கருவியாக்குவது நமது நோக்கமன்று. ஒரு வகுப்பில் தனித்து விடப்படும் குழந்தை, பிறருடைய தப்பெண்ணத்தின் சுமையை நாள் முழுவதும் தாங்குகிறது. அதற்குத் துணையும் பாதுகாப்பும் அளிப்பது சம நிலையின் முதற்படியாகும்.

அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மக்கள் மனம் மாறட்டும் என்று அச்சட்டம் காத்திருக்கவில்லை. மனமாற்றத்துக்கு வேண்டிய சூழலைச் சட்டம் வகுத்துத் தந்துள்ளது. அச்சூழலை ஒவ்வொரு வகுப்பறையிலும் ஊராட்சி மன்றத்திலும் மெய்யாக்கும் பொறுப்பு, நாளை நிர்வாகத்தில் அமரவிருக்கும் உங்களுடையதாகும்.